பேச்சித்தாயின் விரல் அளவு

“கைய நீட்டுட்டி.”

துரைப்பாண்டி தங்கைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கையில் நீளமாக நறுக்கிய தாள், காதிடுக்கில் பென்சில். பேச்சித்தாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

குருநாதன் ஆசாரியின் நகைக்கடைக்கே கூட்டிப்போயிருந்தால், பரிச மோதிரத்துக்கு அளவெடுக்கும் காரியம் சுளுவாக முடிந்திருக்கும். அவரிடம் அளவு வளையங்கள் ஒரு கொத்தே இருந்தன. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து இன்ன அளவு என்று சொல்லிவிடுவார். ஆனால் பேச்சித்தாய் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் வீட்டிலேயே அளவெடுக்க ஆசாரி வழி சொல்லி அனுப்பியிருந்தார்.

“நூல் வேண்டாம் துரை, இழுத்தா நீளும். தாள நறுக்கிச் சுத்து. வெரலடியில சுத்தாத, கணு மேல சுத்து. கணுவத் தாண்டலேன்னா மோதிரம் எப்பிடி ஏறும்? வெயில்ல வேல பாத்துட்டு வந்ததும் எடுக்காத, வெரல் உப்பியிருக்கும். தண்ணியில கை நனைச்சதும் எடுக்காத, சுருங்கியிருக்கும். சாப்பிட்டுச் சும்மா இருக்கையில எடு.”

பேச்சித்தாய் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. சும்மாவும் இல்லை. காலையிலிருந்து அண்ணனோடு வாயாடிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அந்த ஆளு வேண்டாம்ணே. ஆயிரம் தடவ சொல்லிட்டேன்.”

“நான் நாலு பேரு முன்னால வாக்குக் குடுத்துட்டேன்.”

“நீ குடுத்த வாக்குக்கு நீயே போயி வாக்கப்படு.”

முதல் அறை அதற்குத்தான் விழுந்தது. அடுப்படி வாசலில் நின்ற முத்துமாரியம்மாள், துரைப்பாண்டியின் மனைவி, சேலை முந்தியால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அது எண்பத்தொன்றாம் வருடம். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஊர் ஓய்ந்திருந்தது. தாயும் தகப்பனும் இல்லாத பேச்சித்தாய் அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தாள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் துரைப்பாண்டிக்கு விசைத்தறிகள் ஓடின. அவற்றுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. வேலையில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. இருபத்து மூன்று வயதாகியும் கட்டிக்கொடுக்கவில்லையே என்று தெருவில் பேசத் தொடங்கியபோதுதான் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சௌந்தரபாண்டியனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். நிலம், பம்புசெட்டு, சொந்த லாரி என்று வசதியான குடும்பம். அவ்வளவு பெரிய இடம் தன் வீட்டுப் படியேறி வந்ததில் துரைப்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் தாரம் என்பது அவனுக்குக் குறையாகவே படவில்லை. முதல் மனைவி பூமாரி தண்ணீர் இறைக்கும்போது கிணற்றில் தவறி விழுந்து செத்துப்போனாள் என்று சொன்னார்கள். அவனும் கேட்டுக்கொண்டான்.

பேச்சித்தாய் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. காரணம், அவள் பூமாரியைப் பார்த்திருக்கிறாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் தபசுக் கூட்டத்தில் வளையல் கடை ஒன்றில் அவளுக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி பச்சை வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கையைப் பிடித்து வளையலை ஏற்றும்போது ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அவள் சிரித்தாள். பின்னாலிருந்து புருஷன் வந்தான். அவள் கையைப் பிடித்து, வளையல்களின் மேல் தன் விரல்களைச் சுற்றி, பிழிந்தான். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. ரத்தம் முழங்கை வரைக்கும் ஒழுக, “வாங்க போவோம், வாங்க போவோம்” என்று மட்டும் சொன்னாள். பெண் பார்க்க வந்தபோது நடுவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் முகத்தைக் கண்டதும் பேச்சித்தாய்க்கு அந்தச் சத்தம்தான் காதில் கேட்டது.

அண்ணனிடம் சொன்னாள். “புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்” என்று அவன் முடித்துவிட்டான்.

“கடைசியாச் சொல்லுதேன். நீட்டுதியா, நீட்ட வைக்கவா?”

அவள் கையை இன்னும் அழுத்திக்கொண்டாள். துரைப்பாண்டி அவள் தோளைப் பிடித்துத் தள்ளி, தொடைக்கடியிலிருந்து கையை உருவினான். அவள் முஷ்டியை மூடிக்கொண்டாள். அவன் முழங்காலால் அவளுடைய முன்னங்கையைத் தரையில் அழுத்திக்கொண்டு, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சுண்டுவிரல் வந்தது. மோதிர விரல் வரவில்லை. தறி ஓட்டிப் பழகிய கை அவனுடையது. அந்த ஒற்றை விரலைப் பின்பக்கமாக வளைத்தான்.

“ஏங்க, விட்டுருங்க!” என்று முத்துமாரி அலறினாள்.

காய்ந்த பருத்திமாறு ஒடிவதுபோல ஒரு சத்தம். பேச்சித்தாயின் வாய் திறந்தது. சத்தம் சற்றுப் பிந்தித்தான் வந்தது. அது அவள் குரல் மாதிரியே இல்லை.

துரைப்பாண்டி பட்டென்று கையை எடுத்தான். அவன் முகம் ஒரு கணம் வெளிறிப்போயிற்று. தங்கையின் கையை அவன் சிறு வயதில் பிடித்து நடத்திக் கூட்டிப்போனவன்தான். மனைவி தன்னைப் பார்ப்பதைக் கண்டான். அவ்வளவுதான், அந்த வெளிறிய முகம் சிவந்துவிட்டது.

“நீட்டுன்னு சொன்னப்பவே நீட்டியிருந்தா இது வருமா?” என்று சொல்லி அவளை மறுபடியும் அறைந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் இடுப்பில் உதைத்தான். முத்துமாரி குறுக்கே விழுந்தாள். அவளுக்கும் விழுந்தது.

ஓய்ந்த பிறகு அவன் செய்த காரியம்தான் பேச்சித்தாயால் பிறகு எந்நாளும் மறக்க முடியாதது. தரையில் கிடந்த தாளைத் தேடி எடுத்தான். உட்கார்ந்து, ஒடிந்த விரலின் கணுவில் அதைச் சுற்றிப் பார்த்தான். விரல் அதற்குள் வீங்கிவிட்டிருந்தது.

“இந்த அளவுக்குச் செஞ்சா கட்டவெரலுக்குத்தான் ஆவும்” என்று முணுமுணுத்தான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். “ஏட்டி, உன் கையும் இவ கையும் ஒரே வாகுதானே? கொண்டா.”

முத்துமாரி இடது கையை நீட்டினாள். தாமதிக்காமல், பழக்கப்பட்டவளைப்போல நீட்டினாள். தரையில் கிடந்த பேச்சித்தாயின் கண்ணுக்கு நேராக அந்தக் கை இருந்தது. அதன் நடுவிரல் கணுவுக்கு மேல் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. ஆட்டுரலில் மாட்டிக்கொண்டது என்று மதினி முன்பு சொல்லியிருந்தாள். துரைப்பாண்டி அந்தக் கோணல் விரலை ஒதுக்கிவிட்டு மோதிர விரலில் தாளைச் சுற்றி, நுனி சேருமிடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டான். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான்.

மேலநீலிதநல்லூரில் எலும்புக்குக் கட்டுப்போடும் வைத்தியர் ஒருவர் இருந்தார். முத்துமாரிதான் பேச்சித்தாயை பஸ்ஸில் அழைத்துப்போனாள். வைத்தியர் விரலை இழுத்துச் சேர்க்கும்போது மதினியின் தோளில் பல் பதியக் கடித்துக்கொண்டாள் பேச்சித்தாய். மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளையும் உளுந்த மாவும் குழைத்த துணியைச் சுற்றி, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினார்.

“அசையவே விடக்கூடாது. அசைஞ்சா வெரலு விட்டுப்போகும்” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. கரிசல் காடு வெயிலில் கிடந்தது. பேச்சித்தாய் கேட்டாள்.

“மதினி, உங்க வெரல் ஆட்டுரல்ல மாட்டலதானே?”

முத்துமாரி சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் தம்பி கல்யாணத்துக்குப் போயி ஒருநாள் கூடத் தங்கிட்டேன். வந்ததும் கதவு இடுக்குல வெரல வச்சு அடைச்சாரு.”

“என்கிட்டச் சொல்லலியே.”

“உன் அண்ணனாச்சே. நீ அவரு கையால சோறு திங்கிறவ. சொன்னா உனக்கும் இறங்காதேன்னு வுட்டுட்டேன்.”

பேச்சித்தாய்க்கு அழுகை வந்தது. வலியில் வராத அழுகை. முத்துமாரி அவளுடைய நல்ல கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

விரல் ஆறுவதற்குள்ளேயே பரிசம் போடும் நாள் வந்துவிட்டது. தள்ளிவைத்தால் பெரிய இடத்தில் என்ன நினைப்பார்களோ என்று துரைப்பாண்டிக்குப் பயம். “கதவுல நசுங்கிருச்சின்னு சொல்லணும். வேற வார்த்த வந்துச்சி, இன்னொரு வெரலும் போவும்” என்று தங்கையிடம் சொல்லியிருந்தான்.

வேன் காலையிலேயே வந்தது. சௌந்தரபாண்டியன், அவன் தாய் சுந்தரம்மாள், சித்தப்பன்மார், சில பெண்கள். இந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பிச்சையாவும் அவர் வீட்டாரும் வந்திருந்தார்கள். பிச்சையாவும் தறிக்காரர்தான். அவருடைய கொட்டகையில் தறி ஓடும் சத்தம் சுவரைத் தாண்டி இங்கே அதிர்ந்துகொண்டிருந்தது. தட்டுகளில் பழம், வெற்றிலை, சேலை. நடுவில் சிறிய டப்பாவில் சிவப்புத் தாளில் மோதிரம்.

பேச்சித்தாயைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் கண் நேரே கட்டுக்குப் போயிற்று.

“என்ன கட்டு?”

“கதவு நசுக்கிட்டுது மாப்பிள்ள” என்று துரைப்பாண்டி அவசரமாகச் சொன்னான்.

“சரியா மோதிர வெரல்லயா?” சௌந்தரபாண்டியன் சிரித்தான். “பொண்ணுக்கு மனசில்லேன்னு எனக்குக் காதுல விழுந்துச்சி. அதுக்குக் கட்டு ஒரு நாடகமாக்கும்?”

“அதெல்லாம் இல்ல மாப்பிள்ள.”

சுந்தரம்மாள் மகனின் கையைத் தொட்டாள். “வலது கையில போடுய்யா. எந்தக் கையில போட்டா என்ன.”

“இடது கைக்கு அளவெடுத்துச் செஞ்சது இடது கைக்குத்தான். கட்ட அவுருங்க.”

யாரும் அசையவில்லை. அவன் எழுந்து வந்து பேச்சித்தாயின் முன்னால் உட்கார்ந்து, கட்டின் நுனியைப் பிடித்து இழுத்தான். காய்ந்து இறுகிய துணி தோலோடு பிய்ந்து வந்தது. அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள். அப்போது துரைப்பாண்டி பாய்ந்து வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஆடாம இருட்டி. சபையில மானத்த வாங்காத.”

மூங்கில் தப்பை கீழே விழுந்தது. நீலம் பாரித்த விரல் வெளியே வந்தது. சௌந்தரபாண்டியன் அதைப் பார்த்தான். நாடகமல்ல என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. டப்பாவிலிருந்து மோதிரத்தை எடுத்து விரல் நுனியில் வைத்து, கணுவை நோக்கித் திருகித் தள்ளினான்.

“அண்ணே! அண்ணே! வுடச் சொல்லு!”

அவளுடைய அலறலைக் கேட்டு வெளியிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அடுப்படியிலிருந்து முத்துமாரி வந்தாள். கையில் உலக்கை. நெல் குத்துபவள் தூக்குவதுபோல இரு கையாலும் தூக்கி, தங்கையைப் பிடித்திருந்த புருஷனின் முன்னங்கையில் இறக்கினாள்.

துரைப்பாண்டி உருண்டு விழுந்தான். அவன் கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பார்த்து அவனே ஊளையிட்டான்.

“எட்டு வருசம்” என்றாள் முத்துமாரி. உலக்கையை மறுபடி ஓங்கினாள். சௌந்தரபாண்டியன் திரும்பி அவள் அடிவயிற்றில் உதைத்தான். உலக்கை தெறித்தது. அவள் மடங்கி உட்கார்ந்தாள். அவன் மறுபடி கால் ஓங்கியபோது பேச்சித்தாய் அவன் கையைத் தன் வாய்க்கு இழுத்துப் பெருவிரலின் அடிச்சதையைக் கடித்தாள். வாயெல்லாம் உப்பாக ரத்தம் நிறைந்தது. விடவில்லை. அவன் அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து, தலையைச் சுவரில் மோதினான். ஒருமுறை, மறுமுறை. சுண்ணாம்பு பெயர்ந்து அவள் தோளில் உதிர்ந்தது. பிச்சையா அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். சித்தப்பன்மார் பிச்சையாவை இழுத்தார்கள். பழத்தட்டுகள் காலடியில் நசுங்கின.

“விடுலே!” சுந்தரம்மாள் மகனின் முதுகில் இரு கையாலும் அறைந்து கத்தினாள். “விடுலே பாவி! பூமாரியத் தள்ளுனது போதாதா? இவளயும் கொன்னுட்டு நிக்கப்போறியா?”

சௌந்தரபாண்டியனின் கை தளர்ந்தது. பேச்சித்தாய் சுவரோடு சரிந்தாள்.

அந்த அறையில் இருந்த எல்லாரும் சுந்தரம்மாளைப் பார்த்தார்கள். அடுத்த கொட்டகையில் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் சுந்தரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன சொன்னீய?” பிச்சையா மூச்சு வாங்கக் கேட்டார். “தவறி விழுந்தான்னுதானே ஊருக்குச் சொன்னீய. யாரு தள்ளுனது?”

சௌந்தரபாண்டியன் ரத்தம் ஒழுகும் கையை வேட்டியில் சுற்றிக்கொண்டு தாயை முறைத்தான். அவள் இரண்டடி பின்வாங்கினாள். பெற்ற மகனுக்குப் பயந்து பின்வாங்குகிற தாயைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. சித்தப்பன்மார் அவனைத் தள்ளிக்கொண்டு போய் வேனில் ஏற்றினார்கள். மோதிரத்தை யாரும் எடுக்கவில்லை.

பூமாரி இப்படித்தான் செத்துப்போயிருப்பாள் என்று தெரு பேசிக்கொண்டிருந்தபோதே, பிச்சையா ஆளனுப்பி வாசுதேவநல்லூரிலிருந்து பூமாரியின் தகப்பனாரை வரவழைத்தார். நல்லக்கண்ணு என்று பெயர். குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல் வைத்திருந்த ஒல்லியான மனிதர். பெரியாஸ்பத்திரியில் தலையில் கட்டோடு படுத்திருந்த பேச்சித்தாயின் கட்டிலருகே வந்து நின்றார். அவரால் நேராகக் கேட்க முடியவில்லை.

“எம்மவள நீ பாத்திருக்கியாமே தாயி.”

அவள் வளையல் கடையைச் சொன்னாள். ரத்தத்தைச் சொன்னாள். சிரித்ததை முதலில் சொல்லவில்லை. பிறகு அதையும் சொன்னாள். நல்லக்கண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பூமாரியின் சாவைப் போலீஸ் மறுபடியும் விசாரித்தது. அன்று சுந்தரம்மாள் சொன்னதைக் கேட்டவர்கள் தெருவில் பலர் இருந்தார்கள். திருநெல்வேலிக் கோர்ட்டில் அவள் கூண்டில் ஏறி, “நான் அப்பிடிச் சொல்லவே இல்ல அய்யா” என்றாள். சொல்லும்போது மகன் இருந்த பக்கம் அவள் திரும்பவேயில்லை. பேச்சித்தாய், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். எதிர்ப்பக்க வக்கீல், கல்யாணம் முறிந்த ஆத்திரத்தில் சொல்கிறாயா என்று கேட்டார். “முறிஞ்சது கல்யாணம் இல்ல” என்று கையைத் தூக்கிக் காட்டினாள். விரல் மடங்காமல் நின்றது. கொலை என்று நிரூபிக்க முடியவில்லை. பூமாரியைக் கொடுமைப்படுத்திச் சாகத் தூண்டியதாகச் சில வருடங்கள் தண்டனை கொடுத்தார்கள்.

முத்துமாரியின் மேல் துரைப்பாண்டி புகார் கொடுக்கவில்லை. பெண்டாட்டி கையை ஒடித்தாள் என்று எழுதிக்கொடுக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளும் பேச்சித்தாயும் பிச்சையாவின் தறியில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துத் தெருவில் ஓர் அறை பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் பகலில் துரைப்பாண்டி வந்து கதவை உதைத்தான்.

“வெளிய வாட்டி! வீட்டுக்கு வா!”

முத்துமாரி கதவைத் திறந்தாள். கோணல் விரலுள்ள இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அதை அவன் பார்க்கட்டும் என்று மறைக்காமலே நின்றாள்.

“வரமாட்டேன்.”

“எனக்குச் சோறு பொங்க ஆளில்ல.”

“பொங்கிப் பழகுங்க.”

அவன் கை ஓங்கினான். ஒடிந்து கூடிய கை தோளுக்கு மேலே போகவில்லை. மற்றக் கையை ஓங்குவதற்குள் தெருவில் நூல் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றுவிட்டார்கள். அவன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். காறித் துப்பிவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் குடித்துவிட்டால் தெருமுனையில் நின்று இருவரையும் திட்டுவான். அவர்கள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, அவன் ஓயும்வரை கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை.

தீர்ப்பு வந்த பிறகு நல்லக்கண்ணு அவர்களைப் பார்க்க வந்தார். ஒரு பையில் மாங்காயும் தேங்காயும் கொண்டுவந்திருந்தார். முத்துமாரி வெளியே பாய் விரித்தாள். உட்கார்ந்தார். கொலை என்று சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று சொல்ல வந்தவர் மாதிரியும் இருந்தது, நன்றி சொல்ல வந்தவர் மாதிரியும் இருந்தது. இரண்டையும் சொல்லவில்லை. பேச்சித்தாய் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் தலையில் கைவைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“வாசுதேவநல்லூர் பஸ் எங்கன தாயி நிக்கும்?” என்று கேட்டார்.

“வாங்கய்யா, நான் வந்து ஏத்தி விடுதேன்” என்று சொல்லி, பேச்சித்தாய் செருப்பை மாட்டிக்கொண்டாள்.